ஏஎம்டி64, ஐ386, ஆல்: பெயரின் கடைசித் துண்டில் யாருக்கு இடம் இருக்கு?

ஒரு சொப்ட்வெயாரை டவுன்லோட் செய்யப் போனால் சில இடங்களில் ஒரேயொரு பெரிய பொத்தான் இருக்கும். வேறு சில இடங்களில் நீளமான ஒரு பட்டியல் இருக்கும். ஒவ்வொரு வரியிலும் கோடு, புள்ளி, இலக்கம் எல்லாம் கலந்த, வாயில் நுழையாத ஒரு பெயர். எங்களில் அனேகம் பேருக்கு முதலாவதுதான் பிடிக்கும். இரண்டாவதைக் கண்டால் "இது ஐ.ரி. படிக்கிற ஆக்களின்ர வேலை" என்று சொல்லி, பக்கத்து அறை நண்பனைக் கூப்பிடுவோம்.

நாங்கள் இங்கே அந்த நீளமான பெயருக்காகக் கதைக்க வந்திருக்கிறம். ஒரு பைலைப் பற்றிய உண்மை முழுக்க அந்தப் பெயரில்தான் இருக்கு. அதை வாசிக்கப் பழகுவது கலைப்பீடத்துக்காரருக்கும் வேண்டிய ஒரு எழுத்தறிவு. அதோடு, அந்தப் பெயரின் கடைசித் துண்டு எந்தக் கணினி இன்னும் கணக்கில் இருக்கு, எது கணக்கிலிருந்து விழுந்துவிட்டது என்பதையும் சொல்கிறது. பழைய லப்டொப்பில் பட்டப்படிப்பை ஒப்பேற்றுகிற ஒருவருக்கு அது சின்ன விசயம் இல்லை.

எல்லா இயங்குதளங்களின் பெயர் ஒழுங்கையும் ஒரு கட்டுரைக்குள் அடக்க ஏலாது. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1993 ஓகஸ்டில் இயன் மர்டொக் தொடங்கிய திட்டம் அது. உபுண்டுவும் லினக்ஸ் மின்ட்டும் அதன் வழி வந்தவை. அதனால் இங்கே சொல்லப்போகும் ஒழுங்கு பெரும்பாலும் அவற்றுக்கும் பொருந்தும்.

பெயரைப் பிரித்து வாசித்தல்

நூலகத்தில் ஒரு புத்தகத்தின் முதுகில் 894.811 என்று ஒட்டியிருந்தால், அது தமிழ் இலக்கிய அலுமாரிக்குரியது என்று எங்களுக்குத் தெரியும். உசாத்துணைப் பட்டியலில் ஒரு வரியைப் பார்த்தால் ஆசிரியர் யார், ஆண்டு எது, எத்தனையாம் பதிப்பு என்று பிரித்துவிடுவோம். முதலாம் வருடத்திலேயே இதைப் பழக்கிவிடுகிறார்கள். டெபியன் பொதியின் பெயரும் இதே மாதிரித்தான். திரையில் அது ஆங்கில எழுத்தில் இருக்கும். நாங்கள் அதன் ஒலிப்பைத் தமிழில் எழுதுகிறோம்:

விஎல்சி_3.0.21-0+டெப்12யு1_ஏஎம்டி64.டெப்

முதலில் கண்ணில் பட வேண்டியது அடிக்கோடு. அது இரண்டு இடத்தில் வருகிறது, பெயரை மூன்றாகப் பிரிக்கிறது. முதல் துண்டு பொதியின் பெயர்: விஎல்சி, படம் பார்க்கிற அதே செயலி. நடுத் துண்டு பதிப்பு. கடைசித் துண்டு, இது எந்த வகைக் கணினிக்காகக் கட்டப்பட்டது என்பது. முடிவில் வரும் டெப், இது டெபியன் பொதி என்பதற்கு அடையாளம்.

பொதியின் பெயரில் சிறிய எழுத்துகள், இலக்கங்கள், கூட்டல் குறி, சிறுகோடு, புள்ளி மட்டும் வரலாம் என்பது டெபியனின் விதி. பெயருக்குள் அடிக்கோடு வர அனுமதியில்லை. அதனால்தான் அதைப் பிரிப்பானாகப் பாவிக்க முடிகிறது. சும்மா அழகுக்காக வைத்த குறி இல்லை அது.

நடுத் துண்டைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். 3.0.21 என்பது விஎல்சியை எழுதியவர்கள் கொடுத்த இலக்கம். சிறுகோட்டுக்குப் பின்னால் வருவது டெபியன்காரர் சேர்த்தது. டெப்12யு1 என்றால் டெபியன் 12க்கான முதலாவது திருத்தம். ஆக, மூலத்தை எழுதியவரின் வேலையும் அதைப் பொதியாக்கியவரின் வேலையும் ஒரே பெயருக்குள் தனித்தனியாகத் தெரிகிறது. பதிப்பாசிரியர் யார், மூல ஆசிரியர் யார் என்று குழம்புகிற பழைய ஏட்டுப் பதிப்புகளைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு இந்த ஒழுங்கு பொறாமையைத்தான் தருது.

இன்னொரு சின்னக் குறியும் இருக்கு, அலைக்கோடு. 1.0~ஆர்சி1 என்று வந்தால், அது 1.0க்கு முந்தியது என்றுதான் இயந்திரம் கணக்கெடுக்கும். "இன்னும் முடியேல்லை, வந்துகொண்டிருக்கு" என்பதை ஒரேயொரு குறி சொல்லிவிடுகிறது.

ஆல் என்ற சொல்

இதில் தமிழுக்கு நேரடியான ஒரு பங்கும் இருக்கு. டெபியனில் லோகித் தமிழ் எழுத்துருவைத் தேடினால், பொதியின் பெயர் "டிஏஎம்எல்" என்ற நான்கு எழுத்தில் முடியும். அது தமிழ் எழுத்துமுறைக்கான சர்வதேசக் குறியீடு. லிப்ரே ஒபிஸின் தமிழ் இடைமுகத்தைத் தேடினால், அந்தப் பெயர் "டிஏ" என்ற இரண்டு எழுத்தில் முடியும். அது தமிழ் மொழிக்கான குறியீடு. எழுத்துரு எழுத்துமுறைக்கு உரியது, மொழிபெயர்ப்பு மொழிக்கு உரியது. மொழியியல் வகுப்பில் ஒரு முழு விரிவுரை எடுக்கிற வேறுபாடு, இங்கே ஒரு பைல் பெயரில் பிசகாமல் நிற்கிறது. எங்கட நாட்டின் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கு: சிங்கள எழுத்துருப் பொதி ஒன்றின் பெயரில் வரும் "எல்கேஎல்யூஜி" என்ற எழுத்துகள் லங்கா லினக்ஸ் பயனர் குழுவைக் குறிப்பவை.

இந்தப் பொதிகளின் கடைசித் துண்டில் ஏஎம்டி64 என்று இருக்காது. "ஆல்" என்று இருக்கும். எல்லா வகைக் கணினிக்கும் பொருந்தும் என்று அர்த்தம். எழுத்துரு என்பது எழுத்துகளின் வடிவம். புரொசசருக்கான கட்டளை எதுவும் அதில் இல்லை. ஆகவே அது எந்தக் கணினியிலும் ஒன்றுதான்.

ஆனால் விஎல்சி போன்ற செயலி அப்படியில்லை. மனிதர் எழுதிய மூல நிரலைப் புரொசசருக்கு விளங்கும் கட்டளைகளாக மாற்ற வேண்டும். இன்டெல், ஏஎம்டி லப்டொப்புகளின் புரொசசர் ஒரு கட்டளை மொழி பேசும். எங்கட போன்களில் இருக்கும் ஆர்ம் புரொசசர் வேறொரு மொழி பேசும். மூலம் ஒன்றுதான், மொழிபெயர்ப்புகள் பல. ஒவ்வொரு மொழிபெயர்ப்பையும் யாரோ கட்டி, பரிசோதித்து, பிழை வந்தால் திருத்த வேண்டும். பெயரின் கடைசித் துண்டு சொல்வது இது எந்த மொழிபெயர்ப்பு என்பதை. "ஆதரிக்கப்படும் கட்டமைப்புகள்" என்று ஒரு பட்டியல் வந்தால், "இன்ன இன்ன மொழிபெயர்ப்பை நாங்கள் தொடர்ந்து செய்வோம்" என்ற உறுதிமொழிதான் அது.

பெயருக்குள் கிடக்கும் வரலாறு

இன்டெல் ஸ்டிக்கர் ஒட்டின லப்டொப்பை வைத்துக்கொண்டு ஏஎம்டி64 என்ற பெயரைப் பார்த்தால், "இது எனக்கில்லை" என்று நினைப்பது இயல்பு. ஆனால் அது இன்டெலுக்கும் உரியதுதான். 2001இல் இன்டெல் தன் 64-பிட் எதிர்காலம் என்று இட்டேனியம் என்ற புரொசசரை இறக்கியது. அது பழைய கணினிகளின் கட்டளை மொழியை விட்டுவிட்டு வேறு வழியில் போனது. ஏஎம்டி பழைய மொழியையே 64-பிட்டுக்கு நீட்டி, 2003இல் ஒப்டெரொன் புரொசசரை வெளியிட்டது. சந்தை இரண்டாவதின் பக்கம் நின்றது. 2004இல் இன்டெலே ஏஎம்டியின் வழிக்கு வந்தது. டெபியன் அந்த வழியை உருவாக்கியவரின் பெயரை வைத்திருக்கிறது. ஃபெடோரா அதையே எக்ஸ்86_64 என்கிறது, விண்டோஸ் எக்ஸ்64 என்கிறது. மூன்றும் ஒன்றுதான். யாருக்குப் பெருமை சேர வேண்டும் என்பதில்தான் பெயர்கள் வேறுபடுகின்றன.

ஐ386இன் கதை இன்னும் விசித்திரம். அது 1985இல் வந்த இன்டெல் 80386 புரொசசரின் பெயர். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதத் தொடங்கியது அந்தப் புரொசசர் உள்ள ஒரு கணினியில்தான். 2013 பெப்ரவரியில் வெளியான லினக்ஸ் 3.8 அந்தப் புரொசசருக்கான ஆதரவை நீக்கியது. அதாவது, லினக்ஸ் பிறந்த கணினியிலேயே இன்றைய லினக்ஸ் ஓடாது. ஆனால் டெபியனில் 32-பிட் பொதிகளின் பெயர் இன்றைக்கும் ஐ386தான். பேரன் வீட்டுக்காரனான பிறகும் கேற்றில் பாட்டாவின் பெயர்ப்பலகை தொங்குகிற மாதிரி. பலகையை மட்டும் பார்த்து உள்ளே யார் இருக்கினம் என்று முடிவெடுக்க ஏலாது.

ஒரேயொரு இலக்கமும் எவ்வளவு பெரிய வேறுபாடு ஆகலாம் என்பதற்கு இன்னொரு உதாரணம். 2006இல் இன்டெல் முதலில் "கோர் டூவோ" என்ற புரொசசரை லப்டொப்புகளுக்காக விட்டது. அது 32-பிட் மட்டும். அதே ஆண்டின் நடுப்பகுதியில் "கோர் 2 டூவோ" வந்தது. அது 64-பிட். நடுவில் ஒரு "2". அந்த ஒரு இலக்கம் இருக்கிற லப்டொப்பில் இன்றைய டெபியனை நிறுவ வழியிருக்கு. இல்லாததில் இல்லை.

பட்டியலிலிருந்து விழுந்தவர்கள்

இப்ப பிரச்சினைக்கு வருவோம். 2025 ஓகஸ்ட் 9இல் டெபியன் 13 வெளியானது. ரிஸ்க்-வி என்ற புதிய, திறந்த கட்டமைப்பு முதல்தடவையாக அதிகாரபூர்வப் பட்டியலுக்குள் வந்தது. அதே வெளியீட்டில் ஐ386 ஒரு முழுமையான கட்டமைப்பு என்ற இடத்தை இழந்தது. 32-பிட் கணினிக்கான கர்னலும் இல்லை, நிறுவியும் இல்லை. பழைய 32-பிட் செயலிகளை 64-பிட் கணினியில் ஓட்டுவதற்காக மட்டும் ஐ386 பொதிகள் தொடர்கின்றன. பழைய கணினி வைத்திருப்பவர்கள் டெபியன் 13க்கு மாற வேண்டாம் என்று வெளியீட்டுக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள்.

இரண்டு மாதம் கழித்து, 2025 ஒக்டோபர் 14இல், விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11க்கு 32-பிட் வடிவம் கிடையாது. 32-பிட் கணினியோடு இருப்பவருக்கு ஒரே ஆண்டில் இரண்டு பெரிய கதவுகள் சாத்தப்பட்டன.

யாரோ சதி செய்து சாத்திய கதவுகள் என்று நாங்கள் சொல்லவரவில்லை. டெபியன் தன்னார்வலர்களின் திட்டம். ஒரு கட்டமைப்பு பட்டியலில் நிற்க வேண்டுமென்றால், அதைக் கட்டவும் பரிசோதிக்கவும் ஆட்கள் வேணும். டெபியன் 13இன் பட்டியலில் எஸ்390எக்ஸ் இருக்கு. அது ஐபிஎம்மின் மெயின்பிரேம் கணினிகளுக்கானது. வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் பாவிக்கிற, சாதாரண மனிதர் ஒருவர் வீட்டில் வைத்திருக்க முடியாத இயந்திரம். அதற்கு இடமிருக்கு, பழைய நெட்புக்குக்கு இடமில்லை. உலகத்தில் எத்தனை பேரிடம் இருக்கு என்பதை வைத்து இந்தப் பட்டியல் உருவாவதில்லை. யாருக்காக யார் வேலை செய்ய ஆயத்தமாக இருக்கினம் என்பதை வைத்துத்தான் உருவாகிறது.

2019இல் உபுண்டுவில் நடந்தது இதை இன்னும் தெளிவாகக் காட்டும். அந்த ஆண்டு ஜூனில், 19.10 பதிப்பிலிருந்து 32-பிட் பொதிகளை முழுக்க நிறுத்தப்போகிறோம் என்று உபுண்டுவின் பின்னால் உள்ள கனொனிக்கல் நிறுவனம் அறிவித்தது. கேம் விளையாடுகிறவர்களும், ஸ்ரீம் என்ற கேம் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனமும், விண்டோஸ் செயலிகளை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன் திட்டத்தினரும் கடுமையாக எதிர்த்தார்கள். ஒரு கிழமைக்குள் கனொனிக்கல் இறங்கிவந்து, தெரிவுசெய்த 32-பிட் பொதிகளைத் தொடர்வதாகச் சொன்னது. குரல் எழுப்பினால் பட்டியல் மாறும் என்பதற்கு இது நல்ல சாட்சி.

ஆனால் என்ன காப்பாற்றப்பட்டது என்று பாருங்கோ. 64-பிட் கணினியில் பழைய கேம் ஓடத் தேவையான பொதிகள் காப்பாற்றப்பட்டன. 32-பிட் கணினியையே வைத்திருந்தவருக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஐ386 என்ற பெயர் தப்பியது, ஐ386 கணினி தப்பவில்லை. டெபியன் 13இலும் நடந்தது இதுதான். பெயரைக் காப்பாற்ற ஆக்கள் இருந்தார்கள். அந்தக் கணினியோடு வாழ்கிறவருக்காகக் கதைக்க ஆக்கள் குறைவு. பழைய கணினியை வைத்திருப்பவர் பெரும்பாலும் டேட்டாவை எண்ணி எண்ணிப் பாவிக்கிறவர். ஆங்கிலத்தில் நடக்கிற அந்த விவாதங்களுக்குள் அவர் எப்படிப் போவார்?

மறுபக்கத்தையும் கேட்போம்

"பழையதை எவ்வளவு காலம்தான் இழுப்பது?" என்ற கேள்வி நியாயமானது. 32-பிட் கணினி நினைவகத்தில் 4 ஜிபிக்கு மேலே முகவரியிடச் சிரமப்படும். இன்றைய இணைய உலாவி ஒன்றுக்கே அது போதாமல் போகிறது. இருபது வருடப் பழைய டெஸ்க்டொப் குடிக்கிற மின்சாரத்துக்குக் கட்டுகிற பில்லில், சில வருடங்களில் ஒரு சின்னக் கணினியே வாங்கலாம் என்றும் வாதிடலாம். பரிசோதிக்க யாரிடமும் இயந்திரமே இல்லாத நிலையில் "ஆதரவு உண்டு" என்று போடுவது ஒருவகைப் பொய். பாதுகாப்புத் திருத்தம் வராத கணினியில் ஒருவர் வங்கிக் கணக்கைத் திறப்பதைவிட, "இல்லை" என்று முகத்துக்கு நேரே சொல்வது நல்லது.

இதையெல்லாம் ஏற்றுக்கொள்கிறோம். ஐ386ஐ என்றென்றைக்கும் வைத்திருங்கோ என்று நாங்கள் கேட்கவில்லை. எங்கட கேள்வி வேறு: இல்லை என்று சொல்லும்போது அது சம்பந்தப்பட்டவருக்கு விளங்குதா? டெபியன் பெயரிலும் குறிப்பிலும் வெளிப்படையாகச் சொல்கிறது. அதை வாசிக்கத் தெரிந்தவருக்கு முடிவெடுக்க நேரம் இருக்கு. ஒற்றைப் பொத்தான் உலகத்தில் அந்த வெளிப்படை இல்லை. 2019 ஓகஸ்ட் முதல், கூகுள் பிளேக்கு வரும் செயலிகள் 64-பிட் வடிவத்தையும் கொண்டிருக்க வேண்டும் என்ற விதி வந்தது. எங்கட போன் எந்தப் பக்கம் நிற்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? கடையில் ஒரு செயலி தேடினால் கிடைக்காது, அல்லது "உங்கள் சாதனத்துக்குப் பொருந்தாது" என்று வரும். ஏன் என்று கேட்க ஒரு பெயர்கூடக் கையில் இல்லை. "போன் பழசாப் போச்சு" என்று நாங்களே எங்களுக்குச் சொல்லிக்கொள்கிறோம்.

எங்களால் செய்யக்கூடியவை

முதலாவது, எறிவதற்கு முதல் வாசிப்போம். 32-பிட் விண்டோஸ் ஓடுகிற கணினி எல்லாம் 32-பிட் கணினி இல்லை. விண்டோஸ் 10இல் செட்டிங்ஸுக்குள் போய், சிஸ்டத்தில் அபவுட் என்பதைத் திறந்தால், இயங்குதளம் எத்தனை பிட், புரொசசர் எந்த வகை என்று ஒரே வரியில் இரண்டும் தனித்தனியாக இருக்கும். இயங்குதளம் 32-பிட், புரொசசர் எக்ஸ்64 என்று வந்தால், அந்தக் கணினிக்கு ஏஎம்டி64 பொருந்தும். "இதுக்கு இனி ஒன்றும் போட ஏலாது" என்று மூலையில் கிடக்கிற இயந்திரத்துக்கு அந்த ஒரு வரி இன்னும் சில வருடங்களைக் கொடுக்கலாம்.

இரண்டாவது, டவுன்லோட் செய்ய முதல் கடைசித் துண்டைப் பார்ப்போம். உபுண்டு 24.04இன் டெஸ்க்டொப் பைல் 5 ஜிபிக்கு மேலே. ஆர்ம்64க்கானதை இறக்கி வைத்துவிட்டு, இன்டெல் லப்டொப்பில் ஓடவில்லை என்று முழிக்கிற ஒருவருக்குப் போன டேட்டா திரும்பி வராது.

மூன்றாவது, கணினி அன்பளிப்புச் செய்கிறவர்களுக்கு. வெளிநாட்டிலிருந்தும் கொழும்பிலிருந்தும் ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கும் வாசிகசாலைகளுக்கும் பழைய கணினிகளை அனுப்புகிறபோது, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு ஒட்டிவிடுங்கோ: ஏஎம்டி64 அல்லது ஐ386. இருபது கணினி என்று எண்ணிக்கையைப் போட்டுப் படம் எடுப்பதைவிட, அதில் எத்தனை இன்றைய இயங்குதளத்தை ஏற்கும் என்று சொல்வது பெற்றுக்கொள்கிற ஆசிரியருக்கு உதவும்.

நான்காவது, தமிழில் கருவிகள் செய்கிறவர்களுக்கு. அகராதி, சொற்பட்டியல், எழுத்துரு, விசைப்பலகை அமைப்பு எதைச் செய்தாலும், முடிந்தவரை அதை "ஆல்" ஆக்க முடியுமா என்று பாருங்கோ. தரவைச் செயலியிலிருந்து பிரித்து வையுங்கோ. செயலி ஒரு கட்டமைப்போடு சாகலாம், சொற்பட்டியல் சாகத் தேவையில்லை. "ஃபைனல்", "நியூ ஃபைனல்", "லாஸ்ட்" என்று பெயர் வைக்காமல், பெயர், பதிப்பு, எதற்குப் பொருந்தும் என்ற மூன்றையும் பெயரிலேயே எழுதுங்கோ.

இதில் எதற்கும் நிரல் எழுதத் தெரிந்திருக்கத் தேவையில்லை. கல்வெட்டில் பாதி அழிந்த எழுத்தை வைத்து அரசன் யார் என்று ஊகிக்கப் பழகுகிற பீடம் எங்கடது. அழியாமல், முழுசாக, ஒழுங்காக எழுதி வைத்திருக்கிற ஒரு பெயரை வாசிக்க நாங்கள் ஏன் பயப்பட வேணும்? அடுத்தமுறை பட்டியலிலிருந்து ஒரு கட்டமைப்பு நீக்கப்படுகிற செய்தி வரும்போது, எங்கட ஊரில் யாரிடம் அந்தக் கணினி இருக்கு என்று சொல்லக்கூடிய ஆக்களாக நாங்கள் இருக்க வேணும். அதைச் சொல்ல ஒருவரும் இல்லாதபடியால்தான் போனமுறை கேம்கள் மட்டும் தப்பின.